பள்ளிக்கரணையிலிருந்து கோவளம் வரை: ஒரு பொங்கல் விடுமுறைப் பறவைக் குறிப்பு

போகி

பனியும் போகிப் புகையும் கலந்து தாழப் படிந்திருந்ததால், துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையோரத்தில் நின்ற எனக்கு ஏழரை மணி வரை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மறுகரை தெரியவில்லை. பைனாகுலரைக் கழுத்திலேயே விட்டுவிட்டுக் காதை நம்பி நின்றேன். சம்புக் கோரைப் புதர்களுக்குள்ளிருந்து நீலத் தாழைக்கோழிகளின் கரகரத்த குரல் வந்துகொண்டே இருந்தது. தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், சீழ்க்கைச் சிறகிகள் கூட்டம் கூட்டமாகக் கடந்துபோயின. இரவெல்லாம் மேய்ந்துவிட்டுப் பகலில் தங்கும் நீர்ப்பரப்புக்குத் திரும்பும் நேரம் அது. முக்குளிப்பானின் நீண்ட நடுங்கும் குரல் மிக அருகிலிருந்து கேட்டது, ஆனால் பறவை வெளியே வரவில்லை.

பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காகவே இந்தப் பயணம். குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் பார்த்து, கண்ட, கேட்ட பறவைகள் அனைத்தையும் எண்ணிக்கையோடு பட்டியலிட்டு, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும் என்பதே விதி. இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. வீட்டு மாடியிலிருந்து காக்கையை எண்ணினாலும் அது கணக்கில் சேரும். நான் இம்முறை இடத்தை நீரின் போக்கில் தேர்ந்துகொண்டேன். பள்ளிக்கரணையில் சேரும் நீர் ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாக வெளியேறி, பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து, தெற்கே ஓடி முட்டுக்காடு உப்பங்கழியை அடைந்து, கோவளத்தில் கடலில் சேர்கிறது. அந்த வழியிலேயே நாமும் போய்ப் பார்த்தால், பறவைகள் எங்கே, எதற்காக நிற்கின்றன என்பது தொடர்ச்சியாகப் புரியும் என்று தோன்றியது.

தென்சென்னையின் ஏரிகள் பல இச்சதுப்புநிலத்தில்தான் வடிகின்றன. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அது நிரம்பினால் இங்கும் நீர் வருகிறது. ஒரு காலத்தில் 5000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் இந்நிலம் குடியிருப்புகளாலும் அலுவலக வளாகங்களாலும் பெருங்குடிக் குப்பைக் கிடங்காலும் சுருங்கியது. நான் நின்ற சாலையே சதுப்பின் குறுக்கே போடப்பட்டதுதான். எஞ்சியதில் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இன்று எண்ணிக்கை எடுக்கவில்லை. புகை விலகிய பிறகு, எங்கே எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். பறவைகளை எண்ணுவதற்கு முன் இதைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பொங்கல்

வானம் தெளிந்திருந்தது. தம்பி மகளும் உடன் வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி. எண்ணிக்கைகளை எழுதும் பொறுப்பு அவளுடையது. சாலையோரத் தடுப்பை ஒட்டியிருந்த ஆழமில்லாத ஓரத்திலிருந்து தொடங்கினோம்.

கரையை ஒட்டிய சேற்றில், நீர் ஒரு படலமாக மட்டும் இருக்கும் இடத்தில் பொரி உள்ளான்களும் ஒரு பட்டாணி உள்ளானும் இருந்தன. நாலைந்து அடி தள்ளி, ஒரு சாண் நீரில் நெடுங்கால் உள்ளான்கள் இளஞ்சிவப்புக் கால்களை உயர்த்தி உயர்த்தி வைத்து நடந்துகொண்டிருந்தன. அதற்கப்பால் சின்னக் கொக்குகள், அதற்கப்பால் செந்நாரையும் சாம்பல் நாரையும், அதற்கும் அப்பால் தலையை நீருக்குள் விட்டு வாலை வானுக்கு உயர்த்தி மேயும் வாத்துகள், நடுவில் திறந்த நீரில் நாமக்கோழிகளும் நீர்க்காகங்களும். கரையிலிருந்து நடுவை நோக்கிப் பார்வையை நகர்த்தினால், காலின் நீளமும் கழுத்தின் நீளமும் ஒழுங்காகக் கூடிக்கொண்டே போகின்றன; கால் எட்டாத இடத்தில் நீந்துபவை தொடங்குகின்றன; கழுத்தும் எட்டாத இடத்தில் மூழ்குபவை தொடங்குகின்றன. வாத்துகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. தட்டைவாயன் தன் அகன்ற அலகால் நீரின் மேற்பரப்பை அரித்தெடுக்கிறது. குட்டையான நீலச்சிறகி கொஞ்சம் ஆழம் எட்டுகிறது. கழுத்து நீண்ட ஊசிவால் வாத்து அதைவிட ஆழத்தில் அடிமண்ணைத் துழாவுகிறது. வட ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் கோடையைக் கழித்துவிட்டு, வலசைப் பறவைகளின் மத்திய ஆசிய வான்வழித் தடத்தின் வழியே வந்து சேரும் இந்த மூன்றும் ஒரே குளத்தில் ஒன்றோடொன்று மோதாமல் பிழைப்பது நீரின் ஆழம் இடத்துக்கு இடம் மாறுவதால்தான்.

ஒரு நீலத் தாழைக்கோழியை மிக அருகில் பார்க்க வாய்த்தது. தடுப்பிலிருந்து பத்தடிக்குள், சம்புத் தண்டுகள் முறிந்து மடிந்து கிடந்த ஒரு மேட்டில் அது நின்றது. பச்சைத் தண்டொன்றை அலகால் கடித்து இழுத்து, ஒரு காலை மடக்கி, நீண்ட சிவந்த விரல்களுக்குள் அந்தத் தண்டைப் பற்றிக்கொண்டது. பின்பு அடிப்பகுதியின் மேலுறையை ஒவ்வொன்றாகக் கிழித்து எறிந்து, உள்ளே இருந்த வெளுத்த குருத்தைக் கடித்துத் தின்றது. தண்டின் மேல்பாதியைத் தொடவில்லை. அது நகர்ந்த பிறகு பார்த்தால் அந்த மேடு முழுவதும் இப்படி உரித்துப் போட்ட உறைகள். கழிவுநீர் சேரும் இடங்களில் சம்பு அடர்ந்து பரவுவதைப் பற்றிக் கவலைப்படுகிறோம். அந்தக் கவலை சரியானதுதான், திறந்த நீரை அது விழுங்கிவிடுகிறது. ஆனால் சம்பை முற்றாக அகற்றினால் இந்தத் தாழைக்கோழிக்கும், அதே புதரின் விளிம்பில் அலகை வானுக்கு நேராக நிமிர்த்தித் தண்டோடு தண்டாக அசைவற்று நிற்கும் மஞ்சள் குருகுக்கும் இடமில்லாமல் போய்விடும்.

மிதக்கும் இலைகள் மீது நீளவால் இலைக்கோழிகள் நடந்தன. பெயருக்குக் காரணமான வால் இப்போது இல்லை; அது இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் வளர்வது. குளிர்கால உடையில் பழுப்பு முதுகும் வெண்மார்பும் கழுத்தோரத்தில் மங்கிய மஞ்சளுமாக இருக்கும் இதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் உள்ளான் என்று எண்ணிவிடக்கூடும். உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்ட விரல்களைப் பார்த்தால் சந்தேகம் தீரும். இந்த இனத்தில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆண்தான் என்று சொன்னதும் தம்பி மகள் குறிப்பேட்டின் ஓரத்தில் அதைத் தனியாக எழுதிக்கொண்டாள்.

பிற்பகலில் பெரும்பாக்கம் பக்கம் போனோம். அங்கே திறந்த நீரில் பூநாரைகள் நின்றன, எண்பதுக்குக் குறையாது. தலையைத் தலைகீழாக்கி, வளைந்த அலகை நீருக்குள் வைத்து, நாக்கால் நீரை இழுத்து வெளித்தள்ளி, அலகின் ஓரத்திலுள்ள சல்லடையில் தங்குவதை உண்ணும் பறவை அது. சிறகின் சிவப்பும் அந்த உணவிலுள்ள நிறமிகளால் வருவதே.

"பெரியப்பா, இதுக்கு முட்டி பின்பக்கமா மடங்குதே?" என்று கேட்டாள்.

நாம் முழங்கால் என்று நினைக்கும் அந்த மூட்டு உண்மையில் கணுக்கால். முழங்கால் மேலே, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. பறவை விரல்களின் மேல்தான் நிற்கிறது என்று விளக்கினேன். அதன் பிறகு அவள் எல்லாப் பறவைகளின் கால்களையும் அப்படியே பார்க்கத் தொடங்கினாள்; அந்தப் பார்வை அன்று பெரிதும் உதவியது, ஏனெனில் நெடுங்கால் உள்ளான் கணுவரை நனைந்து நிற்கும் இடத்தையும் வயிறு தொட நிற்கும் இடத்தையும் அவளே பிரித்துச் சொன்னாள்.

நான்கு மணியளவில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று புதர்களின் மேலே தாழப் பறந்து வந்தது. அவ்வளவு நேரம் சிதறியிருந்த நீலச்சிறகிகள் ஒரே வீச்சில் எழுந்தன. இப்படி எழும்போது ஒவ்வொன்றாக எண்ண முயலக் கூடாது. கூட்டத்தின் ஒரு மூலையில் பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, அந்த அளவால் மொத்தக் கூட்டத்தையும் அளக்க வேண்டும். பிறகு அவை மறுபடி இறங்கும்போது இன்னொரு முறை அளந்து ஒப்பிட வேண்டும். எங்கள் இரண்டு மதிப்பீடுகளும் முந்நூற்றைம்பதுக்கும் நானூறுக்கும் இடையில் அமைந்தன.

இந்த நாளின் குறிப்பில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பள்ளிக்கரணையை ஆழப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நினைத்தால் அந்தக் கோரிக்கையின் பின்னுள்ள வேதனை நியாயமானது. ஆனால் சதுப்புநிலம் பாசன ஏரி போன்றதன்று. ஏரியில் ஆழம் கூடினால் கொள்ளளவு கூடும்; நீரைத் தேக்குவதே அங்கு நோக்கம். சதுப்போ நீரைப் பரப்பி, மெதுவாக்கி, வெளியே அனுப்பும் நிலம். அதன் அடியை ஒரே மட்டமாகத் தோண்டி, தோண்டிய மண்ணைக் கரையாகக் குவித்தால், படலம் போன்ற நீரும் ஒரு சாண் நீரும் முழங்கால் நீரும் ஒரே நாளில் மறைந்துவிடும். இன்று கரையிலிருந்து நடுவரை நாங்கள் எண்ணிய வரிசையில் நீர்க்காகமும் நாமக்கோழியும் மட்டும் மிஞ்சும். மேலும், கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் தோண்டிய பள்ளம் மழைக்கு முன்பே நிரம்பிக் கிடந்தால் வெள்ளத்துக்கு அதில் இடமேது? நீர் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் அடைப்பின்றி வைத்திருப்பதே முதலில் செய்ய வேண்டியது. அந்த வெளியேறும் வழியைப் பார்க்கத்தான் நாளைய பயணம்.

மாட்டுப் பொங்கல்

ஒக்கியம் மடுவு ராஜீவ் காந்தி சாலையின் பாலத்துக்கு அடியில் கிழக்கே போகிறது. பாலத்தின் மேல் நின்று பார்ப்பவர்களுக்கு அது ஒரு பெரிய வடிகால் போலத்தான் தெரியும். இவ்வளவு பரந்த நீர்ப்பிடிப்பிலிருந்து வரும் நீரெல்லாம் இந்த ஒரு வழியாகவே பெரும்பாலும் வெளியேற வேண்டியிருக்கிறது என்பதை நேற்றைய பரப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்களால்தான் உணர முடியும்.

மடுவின் ஓரத்தில் வயதான ஒருவர் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார். வலையில் ஜிலேபிக் கெண்டைகள் வந்தன. எங்கள் பைனாகுலரைப் பார்த்து, என்ன பார்க்கிறோம் என்று கேட்டார். சொன்னோம்.

"தண்ணி எவ்ளோ இருக்குன்னு நான் கம்பு வச்சுலாம் பாக்கறதில்ல சார். நாரை எங்க நிக்குதுன்னு பாப்பேன். வவுறு நனையற எடத்துக்கு மேல அது எறங்காது. அதுக்கு அந்தாண்டதான் வலை வீசணும்," என்றார்.

நேற்று முழுவதும் நாங்கள் பார்த்ததை அவர் தொழிலின் பகுதியாகவே வைத்திருந்தார். கரையோரம் நின்ற மடையான் கொக்குகளை அவர் ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. அவை நிற்கும் நீரில் மீன்குஞ்சுகள்தான் இருக்கும் என்றார்.

மடுவு கலக்கும் பக்கிங்ஹாம் கால்வாய் 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் தொடங்கியது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில், பசித்தவர்களுக்கு வேலையும் கூலியும் தரும் பணியாக நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் 1878இல் சூட்டப்பட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீண்டிருந்த இக்கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போய்வந்தன. நகருக்குள் இப்போது பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது கடலிலிருந்து ஏறி வந்த நீரைப் பல இடங்களில் இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டது. பஞ்சத்தில் மண் சுமந்தவர்களின் உழைப்பு நூற்றாண்டுக்குப் பின் கரையோர மக்களைக் காத்தது என்பதை அந்தக் கரையில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

சோழிங்கநல்லூருக்குத் தெற்கே கால்வாயோரத்தில் நடந்தோம். கரையில் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது. அதன் நிழலில் பகல் உறக்கத்திலிருந்த வக்காக்கள் பன்னிரண்டு. தொலைவில் மின்கம்பியில் தகைவிலான்கள். நீரின் மேலே மீசை ஆலாக்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று நீருக்கு இருபதடி உயரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. அலகு செங்குத்தாகக் கீழ்நோக்கியிருந்தது. உடல் அசைந்தாலும் தலை அசையவில்லை. பாதி தூரம் விழுந்து, மீன் இடம் மாறியது போலும், அங்கேயே மறுபடி நின்று, மூன்றாவது முறை முழுவதும் விழுந்து மீனோடு எழுந்தது. கலங்கிய நீரில் அதற்கு வேட்டை கடினம். கால்வாயின் எந்தப் பகுதியில் இந்த மீன்கொத்தி இருக்கிறதோ அந்தப் பகுதியில் நீர் ஓரளவு தெளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். கழிவுநீர் வந்து சேரும் குழாய்களின் அருகே நாங்கள் அதைக் காணவில்லை.

அந்தக் குழாய்களின் அருகே காணக் கிடைத்தவை நெடுங்கால் உள்ளான்கள், ஏராளமாக. கறுத்த நீரில் தெர்மோகோல் துண்டுகளுக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் நடுவே அவை சுறுசுறுப்பாகக் கொத்தித் தின்றன. கழிவு மிகுந்த சேற்றில் கொசுவைப் போன்ற ஈக்களின் சிவந்த புழுக்கள் பெருகும். அந்த உணவுக்காகவே இந்தக் கூட்டம். பட்டியலில் இந்த இடத்தின் எண்ணிக்கை மிகப் பெரிதாக இருக்கிறது, ஆனால் இனங்கள் நான்கைந்துதான். எண்ணிக்கையை மட்டும் படிப்பவர் இதை வளமான இடம் என்று கருதிவிடக் கூடாது என்பதற்காக, பட்டியலின் குறிப்புப் பகுதியில் நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் எழுதிவைத்தேன். கணக்கெடுப்பில் கலந்துகொள்ளும் அனைவரும் இதைச் செய்தால் நல்லது. பத்தாண்டு கழித்துப் படிப்பவருக்கு எண்களைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்லும்.

காணும் பொங்கல்

காணும் பொங்கலன்று கோவளம் கடற்கரையிலும் முட்டுக்காடு படகுத்துறையிலும் மக்கள் திரள்வார்கள் என்பதால், விடியும் முன்பே முகத்துவாரத்தை அடைந்துவிட்டோம். நீர் வடிந்துகொண்டிருந்த நேரம். சென்னைக் கடற்கரையில் ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி வடிவதன், ஏற்ற இறக்கம் பெரியதன்று. ஒரு மீட்டரை ஒட்டியதே. ஆனால் தரை இவ்வளவு தட்டையாக இருக்கும் இடத்தில் ஒரு சாண் நீர் இறங்கினாலே பெரும் சேற்றுப் பரப்பு வெளிப்படுகிறது. அது வெளிப்படும் சில மணி நேரத்துக்காகவே உள்ளான்கள் இங்கே காத்திருக்கின்றன.

நீர் விலக விலக, அதன் விளிம்போடு சேர்ந்து பறவைகளும் நகர்ந்தன. பச்சைக்காலிகள் ஆழம் குறைந்த நீரில் ஓடிச் சிறுமீன்களைத் துரத்தின. பவளக்காலிகள் ஈரச் சேற்றைக் கொத்தின. கருவால் மூக்கன்கள் மட்டும் அவசரமின்றி, நீண்ட நேரான அலகைக் கண்கள் வரை சேற்றுக்குள் செலுத்தி எதையோ தேடின. அவற்றின் அலகு நுனி தொட்டுணரக் கூடியது, பார்க்காமலே இரையைக் கண்டுகொள்ளும். கடைசியாகப் பளபளத்த சேற்றில் கொசு உள்ளான்கள் வந்திறங்கின. முப்பது கிராமை ஒட்டிய எடையே உள்ள இந்தப் பறவை ஆர்க்டிக் தூந்திரப் பகுதியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. அதன் கால்கள் மிகக் குட்டை. நேற்று முன்தினம் பள்ளிக்கரணையில் நெடுங்கால் உள்ளான் நடந்த நீரில் இது நிற்க முடியாது. ஒரு சாண் நீர் கூடுதலாகத் தேங்கினால் இந்தப் பரப்பு முழுவதும் அதற்கு இல்லாமல் போகிறது.

ஆகவே இங்கே எல்லாம் முகத்துவாரத்தின் மணல்திட்டைப் பொறுத்திருக்கிறது. மழைக்காலத்து வெள்ளம் அதை உடைத்துத் திறக்கிறது. வறண்ட மாதங்களில் அலைகள் மணலைச் சேர்த்து மறுபடி மூட முயல்கின்றன. திறந்திருந்தால் ஓதம் உள்ளே வந்து போகும், சேறு வெளிப்படும், உப்பும் மீன்குஞ்சும் கால்வாய்க்குள் ஏறும். மூடிவிட்டால் கால்வாயின் கழிவு இங்கேயே தேங்கும். பள்ளிக்கரணையில் நீர் வடிவதற்கும் இந்த மணல்வாய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு. மடுவை எவ்வளவு அகலப்படுத்தினாலும் கடைசி வாசல் இதுதான்.

எட்டரை மணிக்குள் இரண்டு பட்டியல்களை முடித்தோம். ஒன்பது மணிக்குப் படகுகள் ஓடத் தொடங்கின, கரையில் பிள்ளைகள் இறங்கினார்கள். உள்ளான்கள் எதிர்க்கரைச் சேற்றுக்கு மாறின. அங்கே இன்னும் அரைமணி நேரம் மேய்ந்தன, பிறகு நீர் ஏறத் தொடங்கியது.

இந்த வழியில் பார்க்க விரும்புவோருக்கு ஒன்று: பள்ளிக்கரணைக்கு மார்ச் இறுதி வரை போகலாம், நீர் வற்ற வற்றச் சேற்றுத்திட்டுகள் கூடுவதால் பிப்ரவரியில் உள்ளான்கள் மிகுதியாக இருக்கும். கோவளத்துக்குப் போகும் நாளைக் காலண்டரில் தேர்வதைவிட ஓத அட்டவணையில் தேர்வது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகமாக வடியும். தாழ்நீர் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே சென்று, வெயில் முதுகுப்பக்கம் விழும்படி நின்றுகொள்ளுங்கள்.